சான்று காட்டும் நேர்மை

பிறர் ஆய்ந்து கண்ட கருத்தை நாம் எடுத்தாளும்போது, அவர் பெயரையும் நூலையும் ஆண்டையும் குறிப்பிடுதல் எழுத்தறமாகும். குறிப்பிடாது விடின் அது அறிவுத் திருட்டாகிவிடும். எனினும், பல நூல்களைப் பார்த்து எழுதுவோர் ஒன்றிரண்டைத் தவறவிடுதல் இயல்பே.

இக்குறையைக் களைய, 2010இல் தொடங்கப்பட்ட லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச மென்பொருளுடன், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த ஸொட்டேரோவை இணைத்துப் பயன்படுத்தலாம். நூல் விவரங்களை ஸொட்டேரோவில் ஒருமுறை பதிந்தால் போதும். கட்டுரையில் வேண்டிய இடத்தில் நூலைத் தெரிவு செய்ததும் மேற்கோட்குறிப்பு அமையும். ஆணையிட்டால் துணைநூற்பட்டியலும் உருவாகும். குறிப்பு முறையை மாற்றினால் அனைத்தும் ஒருங்கே மாறும். ஆயினும், நாம் பிழையாகப் பதிந்ததைக் கணினி திருத்தாது.

மாணவச் செல்வங்களே! நூலைப் படித்தவுடனேயே அதன் விவரத்தைச் சரிபார்த்துப் பதிந்து வைப்போம். அறிவைத் தந்தோர்க்கு நன்றி கூறுதல் நம் கடமையன்றோ!