சக்கர நாற்காலியும் குதிரை இராட்டினமும்

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கிரிபித் பூங்கா என்றொரு பூங்கா உண்டு. பல்லாண்டுகளுக்கு முன்னர் ஒரு தந்தை ஓய்வு நாட்களில் தம் புதல்வியர் இருவரையும் அங்கு அழைத்துச் செல்வது வழக்கம். புதல்வியர் குதிரை இராட்டினத்தில் ஏறிச் சுற்றுவர். தந்தை வாங்கொன்றில் அமர்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே கூடிக் களிக்கத்தக்க ஓரிடம் ஏன் இருத்தலாகாது என்னும் எண்ணம் அந்த வாங்கில் இருந்தபோதே தமக்கு உதித்ததாக அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. அத்தந்தை வால்ட் டிஸ்னி. கலிபோர்னியாவில் 1955ஆம் ஆண்டு யூலை 17ஆம் திகதி திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தும், அதனைப் பின்பற்றி உலகெங்கும் எழுந்த கேளிக்கைப் பூங்காக்கள் பலவும் அவ்வெண்ணத்திற்குக் கடன்பட்டவை எனலாம்.

பெற்றோரை வாங்கிலிருந்து எழுப்பிய அப்பூங்காக்கள், வேறொருவரை நெடுங்காலம் அவ்வாங்கின் அருகிலேயே நிறுத்திவைத்தன. நடக்கவியலாது சக்கர நாற்காலியிற் செல்லும் பிள்ளையே அவர். தமையனும் தங்கையும் மேலே ஏறிக் கையசைப்பர். அப்பிள்ளை கீழே இருந்து திருப்பிக் கையசைக்கும். தாயோ தந்தையோ ஒருவர் அதனருகே நிற்பார். விடுமுறைக்கென ஆண்டு முழுவதும் பணம் சேர்த்துப் புறப்பட்ட குடும்பம், வாசலைக் கடந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தப் பிரிவை நீக்குவதற்கு இன்று என்னென்ன வழிகள் உள்ளன, அவற்றைப் பெற்றோர் எங்ஙனம் பயன்படுத்தலாம் என்பவை அறியத்தக்கவை.

அமெரிக்காவில் உடற்குறையுடையோரின் உரிமைகளுக்கான சட்டம் 1990ஆம் ஆண்டு யூலை 26ஆம் திகதி நடைமுறைக்கெனக் கையொப்பமிடப்பட்டது. பொதுமக்கள் கூடும் இடங்கள் யாவும் அவர்களுக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அதன் உட்பொருள். எனினும் சவாரி இயந்திரங்கள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்று அளவுகளோடு கூறும் விதிகள் 2010ஆம் ஆண்டிலேயே வெளியாயின. 2012 மார்ச்சு 15 முதல் அவை கட்டாயமாயின. புதிதாக அமைக்கப்படும் சவாரி ஒவ்வொன்றிலும், சக்கர நாற்காலி அப்படியே ஏறி நிற்பதற்கான இடமாவது, நாற்காலியிலிருந்து மாறி அமர்வதற்கேற்ற இருக்கையாவது, மாற்றி அமர்த்தும் கருவியாவது இருத்தல் வேண்டும். மாறி அமரும் இருக்கையின் உயரம் ஏறுதளத்திலிருந்து 14 அங்குலத்துக்குக் குறையாமலும் 24 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். இவற்றோடு கருத்தைக் கவரும் விதியொன்றும் உண்டு. சவாரி வண்டி போதிய அகலமுடையதாயின், சக்கர நாற்காலிக்குரிய இடத்தின் அருகே துணைவர் ஒருவருக்கும் இருக்கை அமைத்தல் வேண்டும். இருவரும் தோளோடு தோள் சேர அமரும்படியாக அது இருத்தல் வேண்டும். அளவுகோலும் சாய்தளமும் பற்றிப் பேசும் சட்டநூலிலே தோழமைக்கும் ஓரிடம் கிடைத்தமை வியத்தற்குரியது.

இதனோடு ஒட்டிய இன்னொரு செய்தி. 2006 டிசம்பர் 13ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடற்குறையுடையோர் உரிமை உடன்படிக்கையின் முப்பதாம் பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் ஏனைய பிள்ளைகளுக்குச் சமமான பங்கை இப்பிள்ளைகளுக்கும் உறுதிசெய்கின்றது. இலங்கை 2016ஆம் ஆண்டில் அதனை ஏற்றுறுதி செய்தது. இத்துணைப் பூங்காக்களைக் கட்டிய அமெரிக்காவோ 2009இற் கையொப்பமிட்டதோடு நின்றுவிட்டது.

இனிச் சவாரிகளின் இயல்பைக் காண்போம். இவை இருவகைப்படும். நாற்காலியில் இருந்தபடியே ஏறக்கூடியவை ஒருவகை. நாற்காலியை விட்டு மாறி அமரவேண்டியவை மற்றொருவகை. 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகப் பொருட்காட்சிக்கென அமைக்கப்பட்டுப் பின்னர் டிஸ்னிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட, பல தேசத்துப் பொம்மைகள் பாடும் படகுச் சவாரியில் இன்று சக்கர நாற்காலியை ஏற்றவல்ல படகு உண்டு. புளோரிடாவிலுள்ள டிஸ்னி உலகில், ஆபிரிக்க விலங்குகளைக் காணச் செல்லும் பெரிய வண்டியிலும் நாற்காலியோடு ஏறலாம். அலாவுதீனின் மந்திரக் கம்பளம் என்னும் சுழற்சவாரியிலே நாற்காலியோடு பிள்ளை அந்தரத்தில் உயர்கின்றது. அதே பூங்காவில் சற்றுத் தொலைவிற் சுழலும் பறக்கும் யானைச் சவாரிக்கோ மாறி அமர்ந்தே ஆகவேண்டும்.  விதிகள் வருமுன் கட்டப்பட்ட இயந்திரங்களை முற்றாக மாற்றுமாறு சட்டம் வற்புறுத்துவதில்லை.

மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்ந்து வளைந்தோடும் தண்டவாள வண்டிகளின் நிலை வேறு. அங்கே பயணியின் உடலை இறுகப் பிடிக்கும் சட்டம், அவ்விருக்கையின் வடிவுக்கேற்பவே செய்யப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவரை அது பிடித்து நிறுத்தாது. கழுத்தையும் உடற்பகுதியையும் தாமே நிமிர்த்தி வைத்திருக்கும் ஆற்றலும் பயணிக்கு வேண்டும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் ஒடுங்கிய படிக்கட்டு வழியாக இறங்க நேரலாம். ஆதலால், ஒரு பிள்ளையை ஏற்றமுடியாதெனப் பணியாளர் மறுக்கும்போது அஃது அலட்சியமா, அவசியமா என்பதைப் பெற்றோர் கேட்டறிதல் நன்று. ‘இடையில் நின்றால் எப்படி இறக்குவீர்கள்?’ என்னும் ஒரு கேள்வியே பெரும்பாலும் உண்மையை வெளிப்படுத்திவிடும்.

டிஸ்னிப் பூங்காக்களின் பணியாளர் பிள்ளையைத் தூக்கி அமர்த்துவதற்கு அனுமதிக்கப்படுவதில்லை. அவ்வேலை குடும்பத்தாருடையதே. எனவே வீட்டிலேயே அதனைப் பழகிக்கொள்ளல் வேண்டும். நாற்காலியின் தடையை இறுக்குதல், கால்மிதியை விலக்குதல், பிள்ளையின் மார்பைச் சேர்த்தணைத்துத் திருப்புதல், பதினான்கு அங்குலத் தாழ்விலிருந்து மீண்டும் தூக்குதல் ஆகியவற்றுள் இறுதியானதே கடினமானது. இறக்குவது எளிதென்று நம்பித் தனியே சென்ற தாய்மார் பலர் ஏற்றும்போது இடர்ப்படுவர். சில சவாரிகளின் அருகே, ஓடாது நிற்கும் மாதிரி வண்டியொன்றை வைத்திருப்பார்கள். வரிசையில் நிற்குமுன் அதிலே ஒருமுறை மாறி அமர்ந்து பார்த்தால், பலர் முன்னிலையில் பிள்ளை வெட்கும் நிலை நேராது.

வரிசையைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்னாளில் சக்கர நாற்காலியோடு வந்த குடும்பத்தை வெளிவாசல் வழியாக நேரே அழைத்துச் சென்று ஏற்றிவிடுவது வழக்கமாயிருந்தது. பழைய வரிசைப் பாதைகள் நாற்காலி திரும்ப முடியாத அளவுக்கு ஒடுங்கியிருந்தமையே இதற்குக் காரணம். அச்சலுகை நாளடைவிற் சீர்கெட்டது. செல்வக் குடும்பங்கள் சில, உடற்குறையுடைய ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி வரிசையை முந்துகின்றன என 2013ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே டிஸ்னி நிறுவனம் பழைய அனுமதிச்சீட்டைக் கைவிட்டு வேறு முறையைக் கொணர்ந்தது. 2024இல் அம்முறையும் இறுக்கப்பட்டு, பெரும்பாலும் ஓட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நெடுநேரம் வரிசையில் நிற்கவியலாதவர்க்கே உரியதாயிற்று. சக்கர நாற்காலிக்காரர் இப்பொழுது அகலமாக்கப்பட்ட பொது வரிசையிலேயே செல்வர். பாதை ஒடுங்கிய இடங்களில் மட்டும் திரும்பி வரவேண்டிய நேரம் குறித்துக் கொடுக்கப்படும். இதனாற் குறைப்பட்டோர் உளர். வலியாலோ நோயாலோ காத்திருக்க இயலாத பிள்ளைக்கு அக்குறை நியாயமானதே. ஏனைய பிள்ளைகளுக்கோ, தமையனோடு சண்டையிட்டுக்கொண்டு வரிசையில் நகர்வதும் விடுமுறையின் ஒரு பகுதிதான்.

உடல்நலம் பற்றிய கவனம் எல்லாவற்றிலும் முதன்மையானது. புளோரிடாவின் கோடை கொடியது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிப்புக்குக் கீழுள்ள உடற்பகுதி வியர்ப்பதில்லை; அதனால் உடற்சூடு விரைவில் ஏறிவிடும். வெயிலில் நின்ற நாற்காலியின் உலோகப் பாகம் உணர்ச்சியற்ற காலைச் சுட்டாலும் பிள்ளை அறியாது. நெடுநேரம் ஒரே இருப்பில் இருந்தால் அழுத்தப்புண் தோன்றும். காலையில் வாசல் திறக்கும்போதே சென்று, நண்பகலில் தங்குமிடத்துக்குத் திரும்பிப் பிள்ளையைப் படுக்கையில் கிடத்தி இளைப்பாற்றி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் வருவது சிறந்த ஒழுங்கு. ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட எண்ணுவோர் மாலையில் பிள்ளையின் அழுகையையே காண்பர்.

இங்கு வெளிப்படையாகப் பேசவேண்டிய பொருளொன்றுண்டு. அது மலசலகூடம். பத்து வயதுப் பிள்ளைக்கு உடை மாற்ற வேண்டியிருப்பின், கைக்குழந்தைக்கென அமைத்த சிறு மேசை உதவாது. வேறு வழியின்றிக் குளியலறையின் ஈரத்தரையிலே பிள்ளையைக் கிடத்தும் நிலைக்குத் தாய்மார் தள்ளப்படுகின்றனர். பலருடைய விடுமுறை பாதியில் முடிவது இதனாலேதான். ஆயினும் வெட்கத்தின் பொருட்டு எவரும் இதனைப் பேசார். பிரித்தானியாவில் 2006இல் இதற்கெனவே ஓர் இயக்கம் தோன்றிற்று. பெரியவரும் படுக்கத்தக்க மேசை, ஆளைத் தூக்கும் பாரந்தூக்கி, இரு துணைவர் நின்று உதவ இடம் ஆகியவை கொண்ட அறையே அவ்வியக்கத்தின் கோரிக்கை. 2021 முதல் இங்கிலாந்தின் கட்டட விதிகள், 2000 பேருக்கு மேற் கொள்ளத்தக்க புதிய கேளிக்கைப் பூங்காக்களிலும் அத்தகைய அறையை வேண்டுகின்றன. டிஸ்னிப் பூங்காக்களில் முதலுதவி நிலையங்களிலுள்ள படுக்கைகளைப் பெற்றோர் பலர் இத்தேவைக்குப் பயன்படுத்துகின்றனர். பூங்காவின் வரைபடம் கைக்கு வந்தவுடன், சவாரிகளைத் தேடுமுன் அந்நிலையம் எங்குள்ளது என்று குறித்துக்கொள்வது அறிவுடைமை.

இதுவரை சொல்லப்பட்டவை யாவும், நடப்பவர்க்கெனக் கட்டிய பூங்காவிலே நடவாத பிள்ளைக்கு இடம் தேடும் முயற்சிகள். தொடக்கமே வேறாக அமைந்த பூங்காவொன்று டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில் உள்ளது. வீடு கட்டி விற்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த கோர்டன் ஹார்ட்மன் என்பவர் 2005இல் அத்தொழிலை விற்றுவிட்டார். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றபோது, அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய அவருடைய மகள் நீச்சற்குளத்திலே வேறு பிள்ளைகளோடு விளையாட முற்பட்டாள். அப்பிள்ளைகளோ அவளோடு எவ்வாறு பழகுவதென்று தெரியாமல் குளத்தை விட்டு அகன்றுவிட்டனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அத்தகைய பிள்ளையோடு விளையாடிப் பழகாதவர்கள், அவ்வளவே. எல்லோரும் சேர்ந்து விளையாடும் இடமொன்றை ஹார்ட்மன் தேடினார். கிடைக்காமற்போகவே தாமே கட்டினார். கல் அகழ்ந்து கைவிடப்பட்ட நிலத்தில், 25 ஏக்கர் பரப்பில், மகளின் பெயரால் மோர்கன்ஸ் வொண்டர்லான்ட் என்னும் அப்பூங்கா 2010 ஏப்பிரலில் திறக்கப்பட்டது.

அங்கே ஊஞ்சலுக்கும் நாற்காலியோடு செல்லலாம். நாற்காலியைத் தட்டொன்றில் ஏற்றி, வாயிலை அடைத்து, தட்டோடு ஆட்டுகின்றனர். பிற இடங்களிலுள்ள குதிரை இராட்டினங்களிலே சக்கர நாற்காலி ஏறினாலும், குதிரைகள் மட்டும் ஏறியிறங்க, நாற்காலி அசையாத் தளத்தில் நின்று சுற்றி வருவதே பெரும்பாலும் வழக்கம். இங்கு நாற்காலி நிற்கும் இரதமும் குதிரைகளோடு ஏறி இறங்குகின்றது. பெரியோர்க்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். இராட்டினத்தில் இருக்கும் பிள்ளையைக் கேட்டாற் தெரியும். உடற்குறையுடையோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. அதனாற் பூங்காவின் வரவு செலவை ஈடுசெய்வதில்லை; பற்றாக்குறை நன்கொடைகளால் நிரப்பப்படுகின்றது. வருவோருள் நாலில் மூவர் யாதொரு குறைபாடும் இல்லாதவர்கள் என்று ஹார்ட்மன் கூறியுள்ளார். குளத்தை விட்டு அகன்ற பிள்ளைகளைப் போன்றோரும் அங்கு வரவேண்டும் என்பதே அவருடைய நோக்கமாயிருந்தது.

2017ஆம் ஆண்டில் அதனருகே நீர்விளையாட்டுத் தீவொன்றும் திறக்கப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் நாற்காலியை நீரில் நனைக்கலாகாது; நனைந்தால் அது பழுதாகும். ஆகவே கையால் நாற்காலியை உருட்டவியலாத பிள்ளைக்கு நீர்விளையாட்டு எட்டாததாகவே இருந்துவந்தது. பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதற்கென வேறொரு நாற்காலியை உருவாக்கினர். அதில் மின்கலத்துக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்று அடைத்த கலங்கள் உள்ளன. அக்காற்றே சில்லுகளைச் சுழற்றுகின்றது. மின்கலத்தை ஏற்ற மணிக்கணக்காகும். காற்றுக் கலங்களை நிரப்பச் சில நிமிடங்களே போதும். குளிரைத் தாங்காத பிள்ளைகளுக்கென நீரைச் சூடாக்கும் ஏற்பாடும் அத்தீவில் உண்டு. நனையத்தக்க நாற்காலிகளைப் பூங்காவே கொடுக்கின்றது. பிள்ளை தன் சொந்த நாற்காலியை உலர்ந்த இடத்தில் விட்டு, காற்று நாற்காலியில் ஏறி, முகத்தில் விசிறும் நீரினூடே தன் கையால் விசையைத் தள்ளிச் செல்கின்றது. பெற்றோர் பின்னால் நனைந்துகொண்டு ஓடுகின்றனர்.