ஈஸ்ட்: பெயரும் இனமும்

செம்பூர்க் கடைகளில் பாவ் ரொட்டியும் இட்லியும் அருகருகே விற்கப்படுகின்றன. தமிழ் வழக்கில் இரண்டும் புளித்த மாவின் பண்டங்களே. எனினும் ரொட்டியை உப்பச் செய்வது ஈஸ்ட். இட்லி மாவில் அப்பணியைப் பெரிதும் ஆற்றுபவை லியூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியங்கள். நொதித்தற் செயலை அடியாகக் கொண்டு ஈஸ்டை ‘நொதியம்’ என்போர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர். என்சைமைக் குறிக்கும் ‘நொதி’யோடும் அச்சொல் மயங்குகிறது.

உயிரியல் வகைப்பாடு செயலை நோக்குவதன்று. அமைப்பையும் மரபுறவையும் நோக்குவது. ஈஸ்டின் செல்லில் சவ்வு சூழ்ந்த உட்கரு உண்டு, பாக்டீரியத்தில் இல்லை. அதில் பச்சையம் இல்லை, அது தாவரமும் அன்று. அதன் செல்சுவரில் பூஞ்சைகளுக்குரிய கைட்டின் சிறிதளவு உள்ளது. மொட்டுவிட்டுப் பெருகும் ரொட்டி ஈஸ்ட், உணவு குன்றியவிடத்துப் பை போன்ற உறையினுள் வித்துகளை ஆக்கும். பைப்பூஞ்சைகளின் அடையாளம் இதுவே. 1837இல் இதனை ஆராய்ந்த ஜெர்மானியர் தியோடர் ஷ்வான் சர்க்கரைப் பூஞ்சை என்றே அழைத்தார். ‘சாக்கரோமைசிஸ்’ என்னும் கிரேக்கவழிப் பேரினப் பெயரின் பொருளும் அதுவே. 1996இல் முழுமையாக வாசிக்கப்பட்ட அதன் மரபணுத் தொகுதியும் இவ்வுறவோடு பொருந்துகிறது.

ஆகவே ‘ஈஸ்ட் என்னும் ஒருசெல் பூஞ்சை’ என எழுதுவதே மொழிபெயர்ப்பாளர்க்குத் தக்கது. பூஞ்சை என்றதும் பூசணம் பூத்த ரொட்டியை எண்ணி முகஞ்சுளிப்போர் உளர் (என் இல்லத்திலும் உளர்). அவர்பொருட்டு இனப்பெயரை மறைக்க வேண்டுவதில்லை.