சேமநிதிப் பணமும் வாடகைப் பங்கும்

குளுவாங்கிலிருந்து லாபிஸ் நோக்கிச் செல்லும் இரயில் பாதையில் உள்ள சிற்றூர் பாலோ. சுற்றிலும் செம்பனை, இடையிடையே ரப்பர். இப்பக்கத்துத் தோட்டமொன்றில் ஒருவர் வேலை ஓய்வு பெறுகிறார் என்றால் அவர் முன்னே இரண்டு காரியங்கள் நிற்கும். தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டும். சேமநிதிப் பணத்தை என்ன செய்வது என்று முடிவு கட்ட வேண்டும்.

"மாமா, ரீட்னு ஒன்னு இருக்காம். அதில போட்டா மாசாமாசம் வாடகை வருமாம்" என்கிறான் பட்டணத்தில் வேலை பார்க்கும் மருமகன். மாமாவுக்கு ஆசை பாதி, அச்சம் பாதி. அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பலர் பணம் போட்டு ஒரு சொத்தை வாங்கி, அதன் வருமானத்தைப் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதல்ல. நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போய், குடியிருந்த வீடும் போய், நம் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நின்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் முகம் மாறுவது அதனால்தான்.

அந்த வேளையில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தவர், தோட்டம் தோட்டமாகச் சென்று மாதம் பத்து வெள்ளி கேட்டார். பால் மரம் வெட்டியவர்களுக்கு அன்று அது பெரிய தொகை. ஆயினும் கொடுத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பாட்டாளியே தோட்டத்துக்குப் பங்குதாரனானான்!

இனி ரீட்டுக்கு வருவோம். கடைத்தொகுதி, அலுவலகம், கிடங்கு, மருத்துவமனை போன்ற கட்டடங்களை ஒரு நிதி வாங்கி வாடகைக்கு விடுகிறது. அந்த நிதி யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டுப் பங்குச் சந்தையில் விற்கப்படுகிறது. நம் ஜொகூரிலேயே உதாரணம் உண்டு. ஜொகூர் பாருவிலுள்ள கேபிஜே மருத்துவமனைக் கட்டடம், 2006-இல் சந்தைக்கு வந்த அல்-அக்கார் என்ற ரீட்டைச் சேர்ந்தது. வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கையாவது பகிர்ந்து கொடுத்தால்தான் ரீட்டுக்கு வரிச் சலுகை கிடைக்கும். ஆகவே கொடுக்கிறார்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு முறை. மருமகன் சொன்ன மாசாமாசக் கணக்கு சரியல்ல.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமே. ஒரு யூனிட் ஒன்றரை வெள்ளி, ஆண்டுக்கு எட்டுக் காசு பங்காதாயம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 400 வெள்ளி வேண்டுமானால் ஆண்டுக்கு 4,800. அதற்கு 60,000 யூனிட் தேவை. விலை 90,000 வெள்ளி. ஆயுள் முழுக்க உழைத்த சேமநிதி அவ்வளவு தேறுமா? தேறினாலும் முழுவதையும் ஒரே இடத்தில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. 2020-இல் கொரோனாவால் கடைகள் மூடியபோது, பேரங்காடிகளை வைத்திருந்த ரீட்டுகளின் பங்காதாயம் குறைந்தது, விலையும் விழுந்தது. சேமநிதி வாரியமோ வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டரை விழுக்காடு தந்தே ஆக வேண்டும். 55 வயது வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

செம்பனைத் தோட்டங்களையே வைத்திருந்த ரீட் ஒன்றும் இருந்தது. போஸ்டெட் நிறுவனத்தின் அல்-ஹதாரா, 2007-இல் சந்தைக்கு வந்தது. 2014-இல் யூனிட்டுகளுக்குப் பணம் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இங்கே வாக்கு யூனிட்டுக்குத்தான். கூட்டுறவுச் சங்கத்திலோ பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஆயிரம் பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு.

என்னைக் கேட்டால், முதலில் சொந்தமாக ஒரு கூரை. ரீட்டில் எத்தனை யூனிட் இருந்தாலும் அந்தக் கட்டடத்தில் நீங்கள் பாய் விரித்துப் படுக்க முடியாது. வீட்டுக்குப் பிறகு, வைத்தியச் செலவுக்கு ஒதுக்கிய பிறகு, மிஞ்சியதில் சிறு பகுதியைப் போடலாம். நூறு யூனிட்டிலிருந்தே வாங்கலாம். சி.டி.எஸ். கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். "உறுதியாக மாதம் பத்து விழுக்காடு" என்று சொல்லிக்கொண்டு எவராவது வாசற்படி ஏறினால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. வீடு காலி செய்யும்போது பழைய இரும்புப் பெட்டியை ஒரு முறை கிளறிப் பாருங்கள். தாத்தா பெயரிலோ பாட்டி பெயரிலோ கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழ் இருந்தால், அவர்களின் மரணச் சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தனில் போய் விசாரியுங்கள்.