பின்கதவில் அறுந்த மின்கம்பி

தமிழ் பயிற்றும் ஒருவன் மகிழுந்தின் மின்கம்பியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், பட்டறிந்த பாடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதும் ஆசிரியனின் கடமையன்றோ!

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் இல்லத் திருமணத்தில் கலந்துகொண்டு, இரவு நேரத்தில் குடும்பத்தாருடன் நெடுஞ்சாலை வழியே திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் இடைவிடாது ஒலியெழுப்பினார். பின்னர் அருகில் வந்து, “பின்னால ஒரு லைட்டும் எரியல சார், ஓரமா நிறுத்துங்க” என்றார். இறங்கிப் பார்த்தேன். வண்டியின் பின்புறம் இருண்டு கிடந்தது. பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர் சொல்லாது போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணுந்தோறும் உள்ளம் நடுங்குகிறது.

இத்தனைக்கும் காரணம், பின்கதவின் கீலருகே உறை கிழிந்திருந்த மெல்லிய கம்பி ஒன்றே! அது பழுதுறும் விதத்தையும் அதனைச் செப்பனிடும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

கதவும் கம்பியும்

பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவினையுடைய மகிழுந்தை ‘ஹாட்ச்பேக்’ என்பர். 1961இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 4 இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. நம் நாட்டில் 1983இல் அறிமுகமாகி, 2014 வரை உருவாக்கப்பட்ட மாருதி 800 இவ்வடிவத்தை வீதிதோறும் பரப்பியது.

பேச்சு வழக்கில் ‘டிக்கி கதவு’ எனப்படும் இக்கதவில் எண்பலகை விளக்கு, பூட்டு முதலியன இருக்கும். பல வண்டிகளில் கண்ணாடித் துடைப்பான், கண்ணாடியைச் சூடேற்றும் இழைகள், உயரத்தில் அமைந்த பிரேக் விளக்கு, கேமரா ஆகியனவும் உண்டு. இவற்றுக்கு உரிய கம்பிகள் அனைத்தும் கீலருகே உள்ள ஒரு ரப்பர்க் குழலின் வழியாகவே வண்டியிலிருந்து கதவுக்குள் செல்கின்றன. கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அவை அதே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. நாளுக்கு ஐந்து முறை திறந்தால் ஆண்டுக்கு 1,825 முறை. பத்தாண்டுகளில் 18,250 முறை!

உலோகம் ஒருமுறை தாங்கும் சுமையைப் பன்னூறாயிரம் முறை தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. 1842 மே 8 அன்று, வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை நெடுங்காலம் ஆராய்ந்து, சிறு சுமையும் மீண்டும் மீண்டும் விழுந்தால் உலோகம் முறியும் என்பதை நிறுவினார். ‘உலோகச் சோர்வு’ எனப்படும் இதுவே கதவின் செப்புக் கம்பிக்கும் நேர்கிறது. கம்பியினுள் உள்ள நுண்ணிழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலுறையும் மடிப்பில் வெடிக்கிறது.

பழுதின் அறிகுறிகள்

கதவு திறந்திருக்கையில் எரியும் விளக்கு மூடியதும் அணைவது முதன்மையான அறிகுறி. விளக்குகள் அனைத்திற்கும் பொதுவான எர்த் கம்பி அறுந்தாலோ நிகழ்வது விந்தையானது. திரும்ப வழியற்ற மின்சாரம் வேறொரு விளக்கின் வழியே பாய முற்படும். பிரேக்கை மிதித்தால் எண்பலகை விளக்கு மங்கலாக ஒளிரும்! இதைக் கண்டு பல்பை மாற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

மூன்றாவது வகையே அபாயமானது. உறை வெடித்த கம்பி வண்டியின் இரும்பில் உராயும்போது ஃபியூஸ் உருகிவிடும். என் வண்டியில் எண்பலகை விளக்கும் பின்விளக்குகளும் ஒரே ஃபியூஸைச் சார்ந்தவை. ஆகவே கதவின் கம்பி உராய்ந்ததும் பின்புறம் முழுவதும் இருண்டது.

மறுநாள் ஒரு பணிமனையில், உருகிய 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு மாற்றாக 20 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினர். விளக்குகள் எரிந்தன, நானும் மகிழ்ந்தேன். இரண்டு நாட்களில் கதவருகே பிளாஸ்டிக் கருகும் நாற்றம் எழுந்தது. ஃபியூஸ் என்பது கம்பிக்குக் காவலன். கம்பி சூடேறி எரிவதற்கு முன் தான் உருகி அதைக் காப்பதே அதன் வேலை. பெரிய ஃபியூஸை இட்டால் கம்பியே ஃபியூஸாகிவிடும். பழுதை நீக்காமல் காவலனை நீக்குவது பேதைமையாகும்.

செப்பனிடும் முறை

இறுதியில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த முதிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை நாடினேன். “லைட்டைப் பார்க்காதீங்க சார், கீலைப் பாருங்க” என்றவர், கைவேலையாலேயே பாடம் நடத்தினார்.

முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினார். கதவு சரியாதவாறு ஒரு கழியை முட்டுக்கொடுத்தார். ரப்பர்க் குழலின் இருமுனைகளையும் துளைகளிலிருந்து பையப் பெயர்த்தார். பின்னர் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பார்த்தார். உள்ளே செம்பு அறுந்த கம்பியின் உறை மட்டும் நீண்டுகொடுத்தது. கண்ணுக்கு நன்றாகத் தோன்றிய இரண்டு கம்பிகள் இவ்வாறு அகப்பட்டன.

அறுந்த முனைகளை அங்கேயே முறுக்கி, டேப் சுற்றிவிடலாமே என்றேன். அவர் மறுத்தார். மீண்டும் மடங்கும் இடம் அதுவே. பற்றவைத்த கம்பி விறைத்து நிற்பதால், பற்றின் ஓரத்திலேயே அடுத்த முறிவு விரைந்து நேரும். ஆகவே மடிப்புக்குட்பட்ட பகுதி முழுவதையும் வெட்டி எறிந்து, ஒரு சாண் நீளப் புதுக்கம்பியை இடையில் சேர்க்க வேண்டும். ஓர் இணைப்பு வண்டியின் உட்புறத்திலும் மற்றொன்று கதவின் உட்புறத்திலும் அசையா இடங்களில் அமைதல் வேண்டும். புதுக்கம்பி பழையதன் பருமனுக்குக் குறையாததாகவும், நுண்ணிழைகள் மிகுந்து எளிதில் வளைவதாகவும் இருத்தல் நன்று.

நிறம் மாறிப் பிணையாதிருக்க, ஒரு கம்பியை வெட்டி இணைத்து முடித்த பின்னரே அடுத்ததைத் தொட்டார். சூட்டில் சுருங்கும் உறைக்குழலை முன்னதாகவே கம்பியில் கோத்து, முனைகளைப் பின்னி, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, உறையை மேலே நகர்த்திச் சூடுகாட்டினார். இணைப்புகள் ஒரே இடத்தில் குவிந்து தடிக்காதபடி முன்னும் பின்னுமாக அமைத்தார். ரப்பர்க் குழலை மீளப் பொருத்தியபோது, மழைநீர் புகாவண்ணம் அதன் விளிம்பு துளையில் நன்கு படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பேட்டரியை இணைத்து, 10 ஆம்பியர் ஃபியூஸையே இட்டு, கதவைப் பலமுறை திறந்து மூடினார். விளக்கு அணையவில்லை.

யாப்பு பயிலும் மாணவர்க்கு ஆசிடை நேரிசை வெண்பா நினைவிருக்கும். முதற்குறளும் தனிச்சொல்லும் ஓசையால் பொருந்தாதவிடத்து, ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பது ஆசு. பொற்கொல்லர் இடும் பற்றாசு போன்றது அது என விளக்குவர். பல்லாண்டுகள் வகுப்பில் நான் சொல்லிவந்த அவ்வுவமையின் முழுப்பொருளை அன்று அம்முதியவரின் கையில் கண்டேன். இடைவெளியை வலிந்து இழுத்துக் கட்டாமல், வேண்டும் அளவு கூட்டிப் பொருத்துவதே நல்ல இணைப்பு.

வண்டியுடைய அன்பர்கள் வாரம் ஒருமுறையேனும் இருளில் பின்விளக்குகளைச் சோதித்துப் பார்ப்பார்களாக. ஃபியூஸ் உருகினால் காரணத்தைத் தேடுவார்களாக. முன்னே செல்லும் வண்டியில் விளக்கு எரியாதிருக்கக் கண்டால் அருகில் சென்று ஒரு சொல் சொல்வார்களாக. பெயரறியா லாரி ஓட்டுநர் ஒருவர் அன்று சொன்ன ஒரு சொல்லால்தான் நாங்கள் நலமுடன் வீடு வந்து சேர்ந்தோம்.