பிளாஸ்திரி வாங்கும்போதும் கேட்கலாம்!

மளிகைச் சாமான் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நம் பெண்களுக்கு நன்றாகவே வந்துவிட்டது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பச்சைப் புள்ளியைத் தேடுகிறார்கள். எங்களைப் போன்ற முஸ்லிம் வீடுகளில் ஹலால் முத்திரையைத் தேடுகிறோம். ஆனால் மருந்துக் கடையில் வாங்குகிற பேண்டேஜையும் பிளாஸ்திரியையும் யாராவது திருப்பிப் பார்க்கிறோமா? "வாயில் போடாத சாமானுக்கு என்ன ஹலால், ஹராம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது.

என் தங்கை இந்தோனேசியாவில், ஜகார்த்தாவில் குடித்தனம் செய்கிறாள். லீவுக்கு வந்தவள் ஒரு நாள், "லாத்தா, எங்க ஊர்ல பிளாஸ்திரிக்கும் ஹலால் சர்டிபிகேட் வேணும்னு சட்டமே போட்டிருக்காங்க" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். தினமும் கட்டு மாற்ற வேண்டும். ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர்கள். "அந்தப் பிசினை எதுலேர்ந்து எடுக்கிறாங்கன்னு கேட்டுட்டு வா புள்ளே. அதுவரைக்கும் எனக்கு ஒட்டாதே" என்று காலை இழுத்துக்கொண்டார்கள்.

மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் பெட்டியை நாலு பக்கமும் திருப்பினார். விலை, அளவு, தேதி எல்லாம் இருந்தன. பிசின் எதனால் ஆனது என்பது மட்டும் இல்லை. கடைசியில் டாக்டரம்மாதான் வழி சொன்னார். "பிளாஸ்திரி வேண்டாம்னா விடுங்க. பருத்திக் காஸ் துணி வச்சு, பருத்தி பேண்டேஜாலேயே சுத்திக் கட்டுங்க. ஆனா கட்டு மாத்தாம ஒரு நாளும் இருக்கக் கூடாது" என்றார். அன்றைக்கே அப்படிக் கட்டினோம். சர்க்கரைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம். உறையில் ஒரு வரி இல்லாத காரணத்தால் ஒருவர் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எதில் என்ன இருக்கலாம்?

இரும்புக்கும் பருத்திக்கும் மிருகச் சம்பந்தம் கிடையாது. கூடச் சேர்க்கிற பொருள்களில்தான் கேள்வி வருகிறது. சில பிளாஸ்திரிப் பிசினில் லானோலின் சேர்ப்பதுண்டு. அது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி போன்றவற்றின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து காய்ச்சி எடுப்பது. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் பாமாயிலிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. இடுப்புப் பெல்ட்டில் தோல் வைத்துத் தைத்திருந்தால், அது எந்தத் தோல் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தயாரித்தவர் வாய் திறந்தால்தான் உண்டு.

அங்கே சட்டம் என்ன?

தங்கை சொன்னதை வைத்து விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இந்தோனேசியாவில் 2014-ஆம் ஆண்டு ஹலால் உறுதிச் சட்டம் வந்தது. உணவோடு நில்லாமல், மருந்து, அழகு சாதனம், மருத்துவச் சாதனம் எல்லாம் அதில் அடங்கும். மருத்துவச் சாதனங்களை ஆபத்தின் அளவுப்படி ஏ, பி, சி, டி என்று நாலு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரணக் கட்டுத் துணி, ஊன்றுகோல், தள்ளு நாற்காலி போன்றவை ஆபத்துக் குறைந்த ஏ வகையில் வருபவை. 2021-இல் வந்த விதிகளில் ஏ வகைக்கு 2026 அக்டோபர் 17, பி வகைக்கு 2029, சி வகைக்கு 2034 என்று கெடு வைத்தார்கள்.

அப்படியானால் தள்ளு நாற்காலிக்குமா சர்டிபிகேட் என்று பயப்பட வேண்டாம். மிருகத்திலிருந்து வந்த பொருள் அல்லது அது கலந்த பொருளுக்குத்தான் இந்தக் கட்டாயம். வெறும் இரும்புக்கு இல்லை.

சர்டிபிகேட் கொடுப்பது பி.பி.ஜே.பி.எச். என்ற அரசு அமைப்பு. அதற்கு முன்னால் பரிசோதகர்கள் தொழிற்சாலைக்குப் போய், மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, ஹலால் அல்லாததோடு ஒரே இயந்திரத்தில் கலக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்கிறார்கள். முத்திரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், படிக்கும்படி, சுலபத்தில் அழியாமல் இருக்க வேண்டும். 2022-இல் வந்த புதிய முத்திரை, அவர்கள் ஊர் நிழல் பாவைக்கூத்தில் வைக்கும் மலை வடிவத்தைப் போல இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதி. ஹராமான பொருளால் செய்தது என்றால், 'ஹலால் அல்ல' என்று வெளிப்படையாகப் போட்டுவிட்டு விற்கலாம். 2023-இல் அந்நாட்டு ஜனாதிபதி பிறப்பித்த விதி, ஹலாலான மாற்று கிடைக்கும் வரை, மூலப்பொருள் எதிலிருந்து வந்தது என்று அச்சிட்டு மருந்தையும் சாதனத்தையும் விற்க இடம் தருகிறது. ஆக, நோயாளிக்குச் சாமானும் கிடைக்கிறது, உண்மையும் தெரிகிறது. பக்கத்து மலேசியாவிலும் 2019-இல் ஹலால் மருத்துவச் சாதனங்களுக்கென்று ஒரு தரநிலை வெளியிட்டார்கள். அங்கே அது கட்டாயமில்லை. விரும்புகிற கம்பெனிகள் விண்ணப்பிக்கலாம்.

முத்திரை இருந்தால் போதுமா?

போதாது, சகோதரிகளே! ஹலால் முத்திரை வேறு, கிருமி நீக்கியது என்ற உறுதி வேறு. இந்தோனேசியாவிலும் சுகாதார அமைச்சின் அனுமதி தனியாக வேண்டும். திறந்த புண்ணுக்கு வாங்கும்போது 'ஸ்டெரைல்' என்று போட்டிருக்கிறதா, உறை கிழியாமல் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மனதில் சந்தேகம் வந்தால், கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். டாக்டரிடமோ நர்ஸிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள். சின்னச் சாமான்களில் பெரும்பாலும் மாற்று கிடைக்கும். உயிருக்கே ஆபத்து, வேறு வழியில்லை என்ற நிலையில் எங்கள் மார்க்கமே சலுகை தருகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெட்டியில் கம்பெனி விலாசம் இருக்கும். 'பிசின் எதனால் ஆனது?' என்று ஒரு கடிதம் போடுங்கள். இது முஸ்லிம்கள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. மிருகப் பொருளே ஆகாது என்கிற சைவக்காரர்களுக்கும் ஜைனர்களுக்கும் இது வேண்டும். லானோலினோ ரப்பரோ ஒத்துக்கொள்ளாமல் தோல் தடிக்கிறவர்களுக்கும் வேண்டும். இத்தனை பேருக்கும் உதவுகிற ஒரு வரியை அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடப் போகிறது?