நிலாவைப் பிடித்துக்கொண்ட பண்டிகை



"கிறிஸ்துமஸ்னா டிசம்பர் 25. ஈஸ்டர் மட்டும் ஏண்டா மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் ஓடுது?" விடுதியில் வருஷா வருஷம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. இன்னும் சிலர் பெரிய வெள்ளியன்று காலையிலேயே கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். அது இயேசு சிலுவையில் இறந்த நாள் ஐயா! துக்க வீட்டில் யாராவது வாழ்த்துவார்களா? வாழ்த்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருங்கள். அன்றுதான் அவர் உயிர்த்தெழுந்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த யூதர்கள் விடுதலையானதைக் கொண்டாடும் பாஸ்கா விழா, வசந்தகாலப் பௌர்ணமியை ஒட்டி வருவது. இயேசு இறந்ததும் அந்தச் சமயத்தில்தான். அதனால் ஈஸ்டரும் நிலாவைப் பிடித்துக்கொண்டது. எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டுமென்று கி.பி. 325-ல் நைசியா சங்கம் முடிவு செய்தது. விதி இதுதான்: மார்ச் 21 அன்றோ, அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. நம்ம பங்குனி உத்திரமும் பெரும்பாலும் அதே பௌர்ணமியை ஒட்டித்தான்! 2024-ல் மார்ச் 25 பௌர்ணமி, 31 ஈஸ்டர். 2025-ல் பௌர்ணமியே ஞாயிறு, ஏப்ரல் 13. எனவே ஒரு வாரம் தள்ளி 20.

ஆனால் திருச்சபை பார்ப்பது வானத்து நிலாவை அல்ல, 19 ஆண்டுச் சுழற்சியில் போட்ட அட்டவணையை. 2019-ல் வானத்துப் பௌர்ணமி மார்ச் 21, அட்டவணையில் மார்ச் 20. அந்த ஒரு நாளால் ஈஸ்டர் ஏப்ரல் 21-க்குப் போயிற்று.

அந்த 21 காலையில்தான் இலங்கையில் குண்டுகள் வெடித்தன. கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு சீயோன் என்று மூன்று ஆலயங்கள், கூடவே ஹோட்டல்கள். 250 பேருக்கு மேல் மாண்டார்கள். சீயோனில் பலர் சிறு பிள்ளைகள். அதற்குப் பிறகு ஈஸ்டர் என்றாலே எங்கள் வீட்டில் அந்தப் பேச்சும் வந்துவிடும்.

விழாவின் உயிர் சனி இரவில் இருக்கிறது. கோயிலில் எல்லா விளக்கும் அணைந்திருக்கும். வெளியே புதுத் தீ மூட்டி, சிலுவையும் அந்த ஆண்டின் எண்ணும் பொறித்த பெரிய பாஸ்காத் திரியை ஏற்றுவார்கள். அந்த ஒரு சுடரிலிருந்து ஒவ்வொருவர் கை மெழுகுவர்த்தியாகப் பற்றிக்கொண்டே வர, இருட்டுக் கோயில் வெளிச்சமாகும். வியாழன் இரவிலிருந்து மௌனமாயிருந்த மணிகள் ஒலிக்கும். தவக்காலம் முழுக்க வாய் திறக்காத 'அல்லேலூயா' பாட்டும் திரும்பி வரும்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக என்னோடு வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மெழுகு கையில் சொட்டும். ஒரு காகிதக் கப்பில் ஓட்டை போட்டு எடுத்து வாருங்கள்.