எட்டு மணிச் சூரியன்

சென்ற வாரம் ஒரகடத்தின் இரவைப் பற்றி எழுதியிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி வல்லம் வடகால் வழியாக ஒரகடம் வரை உயர்கோபுர விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. அந்த வெளிச்சத்தில் பால்வீதி கரைந்துவிட்டது. வானம் பார்க்கும் ஆசையோடு இங்கே வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு இது உண்மையான இழப்புதான். ஆனால் எத்தனை விளக்கு போட்டாலும் மங்காத விண்மீன் ஒன்று மிச்சம் இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் அறைக்குத் திரும்பும் நேரத்தில் அது கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும். சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளை எண்ணுவதற்கு இருட்டும் வேண்டாம், மலையுச்சியும் வேண்டாம்.

இந்த எண்ணிக்கையைத் தொடங்கி வளர்த்தவர்களில் பலர் வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்கள். ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் மருந்துக் கடை நடத்திய ஹைன்ரிச் ஷ்வாபே, புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு கோள் இருக்குமோ என்று தேடி 1826 முதல் சூரியனைத் தவறாமல் பார்த்துவந்தார். கோள் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று: புள்ளிகள் சுமார் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குகின்றன என்று 1843இல் அறிவித்தார். இன்று அதைச் சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் என்கிறோம்.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஜான் எவர்ஷெட். லண்டனில் ரசாயன நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். வேலை போக மிஞ்சிய நேரம்தான் சூரியனுக்கு. நண்பர் ஒருவர் விட்டுச்சென்ற 18 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு நிறமாலைக் கருவியும் அவருக்குத் துணை. 1907இல் அவர் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் சூரியனைப் பார்ப்பதற்கே சம்பளம் என்ற நிலை வந்தது. அடுத்த ஆண்டு, 1908இல், அமெரிக்காவில் வானியலாளர் ஜார்ஜ் ஹேல் கரும்புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். புள்ளியைச் சுற்றி வாயு சுழிபோலச் சுழலும் என்று அப்போது எதிர்பார்த்தார்கள். 1909 ஜனவரி 5 அன்று எவர்ஷெட் கொடைக்கானலில் எடுத்த நிறமாலைப் படங்கள் வேறு கதை சொல்லின. புள்ளியின் நடுவிலுள்ள கரிய பகுதியைச் சூழ்ந்த சாம்பல் நிற விளிம்பில், வாயு வெளிப்புறமாக வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. உலகெங்கும் இன்று அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் கொடைக்கானலில் சூரியனை ஆராய்ந்தவர். தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914இல் வெளியானது.

கொடைக்கானல் ஆய்வகம் எழுந்ததற்குப் பின்னால் துயரமான ஒரு காரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. செங்கல்பட்டுச் சீமையும் தப்பவில்லை. இன்று கார்த் தொழிற்சாலைகள் நிற்கும் மண்ணும் அதற்குள் அடக்கம். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில்தான் மழை பொய்க்கிறது என்று அரசு அதிகாரி வில்லியம் ஹண்டரும் வானியலாளர் நார்மன் லாக்கியரும் 1877இல் வாதிட்டார்கள். சூரியனைக் கணித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை பரவியது. அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை. அந்தப் பஞ்சத்தின் வறட்சிக்குப் பசிபிக் கடலின் எல் நினோதான் பெரிய காரணம் என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. தானியம் ஏற்றுமதியானதற்கும் நிவாரணக் கூலியைக் குறைத்ததற்கும் எந்தக் கரும்புள்ளியும் பொறுப்பில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனாலும் அந்தத் தேடல் வீண்போகவில்லை. 1899இல் கொடைக்கானலில் ஆய்வகம் அமைந்தது. 1904 முதல் வானம் வழிவிட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள். பெயர் வெளியே தெரியாத உதவியாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த காலை வேலை அது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் இப்போது கணினியில் ஏற்றப்பட்டு, உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

எண்ணும் முறைக்கு வருவோம். சூரிக் நகரின் ருடால்ஃப் வோல்ஃப் வகுத்தது அது. புள்ளிகள் கூட்டம் கூட்டமாகத்தான் தோன்றும். கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனித்தனிப் புள்ளிகளின் எண்ணிக்கையோடு கூட்டவேண்டும். இன்று மூன்று கூட்டம், எல்லாமாகப் பதினோரு புள்ளி என்றால் 41. ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தால்? அதுவே ஒரு கூட்டமும் ஆகும், ஆகவே 11. வோல்ஃப் இதற்குப் பயன்படுத்திய தொலைநோக்கியின் லென்ஸ் 80 மில்லிமீட்டர்தான்.

ஒருவர் கண்ணுக்குப் பட்டது இன்னொருவர் கண்ணுக்குப் படாதே என்று கேட்கலாம். பெயின்ட் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய சிக்கல். ஒரே கார் பாடியை இரண்டு இன்ஸ்பெக்டர்கள் பார்த்தால் ஒருவர் ஏழு தூசிப்புள்ளி என்பார், மற்றவர் ஒன்பது என்பார். இருவருமே தினமும் ஒரே மாதிரி பார்க்கிறார்கள் என்றால் அந்த வித்தியாசம் ஒரு கணக்குக்குள் அடங்கிவிடும். வோல்ஃப் அதைத்தான் செய்தார்: பார்ப்பவருக்கும் அவர் கருவிக்கும் சேர்த்து ஒரு பெருக்கெண் கொடுத்தார். கூர்மையான கண்ணைவிட மாறாத பழக்கமே இங்கே முக்கியம். அந்தப் பணியை இப்போது பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள பெல்ஜிய அரச வானாய்வகம் தொடர்கிறது. அதற்கு எண்ணிக்கை அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் வானியலைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள்.

விண்ணில் ஆதித்யா எல்-1 இருக்கும்போது இது எதற்கு? செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய அந்த விண்கலம், 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அது தரும் நுட்பம் எந்த மொட்டைமாடிக்கும் எட்டாது. ஆனால் விண்கலத்தின் ஆயுள் சில ஆண்டுகள். தொலைநோக்கிவழிப் புள்ளிப் பதிவோ 1610 முதல் தொடர்கிறது. பழைய எண்களோடு புதிய எண்களை ஒப்பிட வேண்டுமானால், பழைய மாதிரியே யாராவது எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும்.

இனி செய்முறை. முதலில் எச்சரிக்கை: தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ கண் வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்துபோனது பிறகுதான் புரியும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், சாணி கரைத்த தண்ணீர் எதுவும் பாதுகாப்பில்லை. ஒரகடம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் வெல்டிங் கிளாஸில் பெரும்பாலும் 10 அல்லது 11 என்று எண் இருக்கும். ஆர்க் வெல்டிங்குக்கு அது போதும், சூரியனுக்குப் போதாது. வெறுங்கண்ணால் பார்க்க 14 என்று எண் போட்ட கண்ணாடி வேண்டும். தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டை நம்பக்கூடாது. இரண்டு கண்ணாடிகளை அடுக்கிப் பார்ப்பதும் கூடாது.

நல்ல வழி, பிம்பத்தைத் தாளில் விழவைப்பது. 60 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள சிறு தொலைநோக்கி போதும். அதன் பக்கத்தில் உள்ள சின்னக் குறிபார்க்கும் குழாயை மூடிவிடுங்கள். கண் வைக்கும் முனைக்குப் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்து, முன்னே பின்னே நகர்த்தி, சூரியன் 15 சென்டிமீட்டர் வட்டமாக விழும்படி செய்யுங்கள். அந்த அளவில் நம் பூமி ஒன்றரை மில்லிமீட்டர்கூட இராது. 2024 மே மாதம் தோன்றிய 13664 என்ற பெருங்கூட்டம் அதே வட்டத்தில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளம் இருந்திருக்கும். அதிலிருந்து கிளம்பிய வெடிப்புகளால்தான் மே 10 இரவு லடாக்கின் ஹன்லேயில்கூட வானம் சிவந்தது.

பிம்பத்தின் மேல் பென்சிலால் புள்ளிகளைக் குறித்துத் தேதியும் நேரமும் எழுதுங்கள். இரண்டு வாரம் விடாமல் வரைந்தால், ஒரு புள்ளி ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் மறைவது தெரியும்; சூரியன் சுழல்வதை உங்கள் தாளிலேயே பார்த்துவிடுகிறீர்கள். சில ஆண்டுகள் வரைந்தால் இன்னொன்றும் புலப்படும். பதினோரு ஆண்டுச் சுழற்சியின் தொடக்கத்தில் சூரியனின் நடுக்கோட்டிலிருந்து தள்ளித் தோன்றும் புள்ளிகள், போகப்போக அதை நெருங்கி வரும்.

எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் இந்தப் பகுதிக்கு எதிர்பாராத வசதி இருக்கிறது. தகர ஷெட்டும் தார்ச்சாலையும் வெயிலில் சூடாகி மேலே காற்றை நடுங்கவைக்கும், பிம்பமும் நடுங்கும். தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. உதய்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரிக்குள் ஒரு தீவில் கட்டியது இதனால்தான். இங்கே செம்பரம்பாக்கம் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. காலை எட்டு மணிக்கு, தரை கொதிப்பதற்கு முன், நீரைக் கடந்து காற்று வரும் பக்கமாகக் கரையில் நின்றால் சூரியனின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். இந்த ஏரிகளைக் காப்பாற்றக் குடிநீரும் பாசனமும் போதுமான காரணங்கள்தான். என் பட்டியலில் இதுவும் ஒன்று.

இப்போது நடப்பது 25ஆவது சுழற்சி. அதன் உச்சம் 2024இல் வந்துபோனது. இனி எண்ணிக்கை இறங்கும். இன்னும் சில ஆண்டுகளில் புள்ளியே இல்லாத நாட்கள் தொடர்ச்சியாக வரும். தொடங்குகிறவர்கள் பலர் அப்போதுதான் சலித்து விட்டுவிடுகிறார்கள். வெறுமையான வட்டமும் ஒரு பதிவுதான். அன்று நோட்டில் 0 என்று எழுதவேண்டும். ஆனால் வடகிழக்குப் பருவமழை மேகத்தால் பார்க்கமுடியாத நாளில் 0 எழுதக்கூடாது. மேகம் என்றே எழுதவேண்டும். பதினேழாம் நூற்றாண்டுப் பதிவுகளைத் தொகுத்தபோது, யாரும் பார்க்காத நாட்கள் பல பூஜ்யமாக நுழைந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் இன்றும் பாடுபடுகிறார்கள். ஷிஃப்ட் இருந்து போகமுடியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம் நுங்கம்பாக்கத்துக்குப் போகலாம். பழைய சென்னை வானாய்வகத்தில் இருந்துகொண்டு 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றிப் பேசவேண்டும்.